மூக்கில் வைத்த ஈயம்

ராபர்ட் ஆல்ட்ரிச் இயக்கிய ‘தி ஃப்ளைட் ஆஃப் தி ஃபீனிக்ஸ்’ (1965) படத்தை நான் மூன்று முறை பார்த்திருக்கிறேன். மூன்றாவது முறை பார்த்ததைப் பார்த்தது என்று சொல்ல முடியுமா தெரியவில்லை. ஒழுகினசேரியில் மாமா வீட்டுத் தரையில் லேப்டாப்பை வைத்து ஓடவிட்டு, கையில் ஒரு பிளாஸ்டிக் விமானத்தின் வயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, படத்தைக் கேட்டேன். மாமாவும் கேட்டார். அவருக்குப் பார்வையின் நடுப்பகுதி போய்விட்டது. ஓரங்களில் தெரியும், நேராகப் பார்த்தால் புகை. மறுநாள் மதியம் ஒரு மணிக்குக் கார் வரும். திருவனந்தபுரம், அங்கிருந்து மஸ்கட், மகள் வீடு. ஒழுகினசேரி வீட்டுக்கு அட்வான்ஸ் வாங்கியாயிற்று. பாத்திரங்கள்கூடப் போய்விட்டன.

அந்த ஒரு மணிக்குள் விமானத்தைக் கட்டி முடிக்க வேண்டும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு ஆரம்பித்தோம். பத்தொன்பது மணி நேரம்.

படத்தின் கதை பலருக்குத் தெரிந்திருக்கும். எல்ஸ்டன் ட்ரெவர் 1964-ல் எழுதிய நாவல்தான் மூலம். சஹாராவுக்கு மேலே பறக்கும் ஃபேர்சைல்ட் சி-82 பாக்கெட் ரகச் சரக்கு விமானம் ஒன்று மணல் புயலில் சிக்கித் தரையில் மோதுகிறது. விழும்போதே பெயர்கள் ஓடுகின்றன. ஒவ்வொரு முகமாக உறைந்து நிற்கிறது. தின்ன பேரீச்சம்பழம் வேண்டிய அளவு இருக்கிறது, தண்ணீர்தான் இல்லை. தண்ணீர் தீரும் நாள்தான் கெடு. டோர்ஃப்மன் என்ற ஜெர்மானியர், சேதமாகாத பாகங்களை எடுத்து ஒற்றை எஞ்சின் விமானம் ஒன்றைக் கட்டலாம், அது பறக்கும் என்கிறார். கிழட்டு விமானி டவுன்ஸுக்கு அவரைக் கண்டாலே ஆகாது. ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டும் ஹார்டி க்ரூகரும். நடுவில் மத்தியஸ்தம் செய்துசெய்தே தேய்ந்துபோகிறவராக ரிச்சர்ட் அட்டன்பரோ. மூவருமே அபாரம், ஆனால் இந்தக் கட்டுரை நடிப்பைப் பற்றியது அல்ல.

இதை எல்லோரும் சாகசப் படம் என்றே வகைப்படுத்துகிறார்கள். நானும் அப்படித்தான் ஒருமுறை எழுதினேன். கெடு வைத்துச் சொல்லப்படும் கதைகளின் மீது எனக்கு ஓர் இளக்காரம் உண்டு. வெடிகுண்டில் சிவப்பு எண்கள் குறைந்துகொண்டே வரும், கதாநாயகன் வியர்ப்பான், ஒரு வினாடி மிச்சமிருக்கும்போது ஒயரை வெட்டுவான். கடிகாரத்தை வில்லனாக்கினால் கதைக்கு வேறு வில்லன் தேவையில்லை. அது சோம்பேறித்தனம் என்பது என் கட்சி.

ஃபீனிக்ஸ் அப்படியல்ல என்பதற்கு ஒரே காட்சி போதும். வேலை முக்கால்வாசி முடிந்த பிறகு, எல்லோரும் தங்கள் தண்ணீரையும் உயிரையும் அந்த ஆளின் கணக்கில் போட்டாகிவிட்ட பிறகு, டவுன்ஸுக்கும் மோரனுக்கும் ஓர் உண்மை தெரியவருகிறது. டோர்ஃப்மன் வடிவமைப்பது ஆள் ஏறும் விமானங்களை அல்ல, மாடல் விமானங்களை. “பொம்மை விமானமா?” என்ற சொல் காதில் விழுந்ததும் அவர் சுருங்கிப்போகிறார். அவரைப் பொறுத்தவரை பொம்மை என்பது சாவி கொடுத்தால் தரையில் உருளுவது. மாடல் என்பது வேறு. அதற்குள் விமானி கிடையாது. காற்று ஒரு பக்கம் தள்ளினால் திருத்திப் பிடிக்க ஆள் இல்லை. அதனால் அதன் கணக்கு பெரிய விமானத்தின் கணக்கைவிடக் கறாராக இருந்தாக வேண்டும். அவர் பேசி முடித்ததும் மோரன் சிரிக்கத் தொடங்குகிறார். அந்தச் சிரிப்பு எங்கே அழுகையாக மாறுகிறது என்று மூன்று முறை கேட்டும் எனக்குப் பிடிபடவில்லை.

மாமா அந்த இடத்தில் தலையை ஆட்டினார். “அவன் சொல்லது நேராக்கும்,” என்றார். “ஆளு உள்ள இருந்தா கொஞ்சம் கோணலுக்கும் சமாளிப்பான். ஆளில்லாததுக்கு யாரு சமாளிக்க?”

மாமா விமானப்படையில் ஏர்ஃப்ரேம் ஃபிட்டராக இருந்தவர். எஞ்சினைத் தவிர்த்த உடம்பு முழுக்க அவர் பொறுப்பு. அவர் கைபட்டது நாட் விமானங்கள். நாட் என்றால் கொசு மாதிரி ஒரு சிறு பூச்சி. டெடி பெட்டர் என்று அழைக்கப்பட்ட ஆங்கிலேய வடிவமைப்பாளர் செய்தது; 1955-ல் முதலில் பறந்தது. போர்விமானங்கள் பெருத்துக்கொண்டே போன காலத்தில், சின்னதாகவும் மலிவாகவும் ஒன்றைச் செய்ய முடியும் என்று அவர் பிடிவாதம் பிடித்தார். ஒற்றை இருக்கைப் போர்விமானமாக பிரிட்டன் அதை ஏற்கவில்லை. நாம் ஏற்றோம், பெங்களூர் எச்ஏஎல்லில் உரிமம் பெற்றுக் கட்டினோம். 1965 போரில் சேபர்களை வீழ்த்திப் பெயர் வாங்கியது. 1971 டிசம்பர் 14-ம் தேதி ஸ்ரீநகரில் ஒற்றை நாட்டில் ஏறிப் போரிட்டு மடிந்த நிர்மல்ஜித் சிங் செகோன், விமானப்படையில் பரம்வீர் சக்ரா பெற்ற ஒரே ஆள். வால் உச்சியே எட்டடிதான். “அதுக்கு ஏணியே தேவையில்ல மக்கா, மாட்டக் குளிப்பாட்டுத மாதிரி சுத்திவந்து வேல செய்யலாம்” என்பார் மாமா.

ஒரு சின்ன உபரித் தகவல். படத்தில் விழும் சி-82 பாக்கெட்டிலிருந்து உருவான சி-119ஐ நம் விமானப்படை வைத்திருந்தது. அதையும் பாக்கெட் என்றுதான் அழைத்தார்கள். 1962-ல் லடாக்கின் தௌலத் பேக் ஓல்டியில் இறங்கியது அதுதான். மலை உயரத்தில் மூச்சுத் திணறும் என்று பின்னால் சில பாக்கெட்டுகளின் முதுகில் ஒரு ஜெட் எஞ்சினையும் ஏற்றினார்கள். அது ஆர்ஃபியஸ், நாட்டின் வயிற்றில் இருக்கும் அதே குடும்பத்து எஞ்சின். இதை மாமா சொன்னபோது, ஆல்ட்ரிச் படத்துக்குள் நாஞ்சில் நாட்டு ஆள் ஒருவர் ஸ்பேனரோடு நுழைந்துவிட்ட மாதிரி இருந்தது.

இனி பெட்டிக்கு வருகிறேன். ஏர்ஃபிக்ஸ் நிறுவனத்தின் நாட், 72-ல் ஒரு பங்கு. லண்டன் போய்வந்த அதிகாரி ஒருவர் 1970-களில் மாமாவுக்குக் கொடுத்தது. டிரங்குப் பெட்டியில் ராணுவக் கம்பளிக்கு அடியில், கட்டப்படாமலே கிடந்தது. ஏர்ஃபிக்ஸின் கதை விசித்திரமானது. நிக்கலஸ் கோவ் என்ற ஹங்கேரியர் 1939-ல் ஆரம்பித்தார். முதலில் காற்றடைத்த ரப்பர் பொம்மை, போருக்குப் பிறகு தலைவாரும் சீப்பு. சீப்பு வார்த்த பிளாஸ்டிக் தொழில்தான் 1949-ல் ஒரு ஃபெர்குசன் டிராக்டரையும், 1952-ல் ‘கோல்டன் ஹைண்ட்’ கப்பலையும் வார்த்தது, பிறகு விமானங்கள். ஒரு கிட்டின் சட்டத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் இந்த வம்சாவளி தெரியும். நடுவில் தண்டு, இரு பக்கமும் பற்கள் மாதிரிப் பாகங்கள். 72-ல் ஒரு பங்கு என்பதும் சும்மா வந்ததல்ல, ஓர் அங்குலம் என்றால் ஆறடி. போர்க்காலத்தில் எதிரி விமானத்தை அடையாளம் காணப் பயிற்சி கொடுத்த மாடல்களின் அளவு அது.

இந்தக் கிட்டுகளை இலக்கியம் மாதிரி விமர்சனம் செய்யும் பெருங்கூட்டம் உலகமெங்கும் இருக்கிறது. அதில் ஒரு பிரிவினரை ‘ரிவெட் எண்ணுகிறவர்கள்’ என்று கேலி செய்வார்கள். உண்மையான விமானத்தின் இறக்கையில் எத்தனை ஆணித்தலை, மாடலில் எத்தனை என்று எண்ணுகிற ஆட்கள். அவர்கள் பக்கமும் நியாயம் உண்டு. பழைய கிட்டுகளில் ஆணித்தலைகள் துருத்திக்கொண்டு நிற்கும். அரை மில்லிமீட்டர் குமிழ் என்று வைத்துக்கொண்டால், நிஜ அளவில் 36 மில்லிமீட்டர். இறக்கை முழுக்க எலுமிச்சம்பழத்தைப் பாதியாக வெட்டி ஒட்டி வைத்த மாதிரி. எந்த விமானமும் அப்படிப் பறக்காது. நானும் இந்த ஜாதிதான். சோழர் காலச் சமையலில் மிளகாய் வந்துவிட்டது என்பதற்காக ஒரு நாவலைப் பன்னிரண்டு பக்கம் கிழித்திருக்கிறேன்.

ஆகவே பெட்டியைத் திறந்ததும் முதலில் குதித்தது நான்தான். “மாமா, இது தப்பான நாட்!”

பெட்டியில் இருந்தது பிரிட்டிஷ் விமானப்படையின் டி.1, இரட்டை இருக்கைப் பயிற்சி விமானம். நம்மிடம் இருந்தது ஒற்றை இருக்கை எஃப்.1. பின் இருக்கையை வெட்டி அடைத்துவிட்டால் போதும் என்று தோன்றலாம். போதாது. டி.1-ன் இறக்கை 24 அடி, நம்முடையது 22 அடி 2 அங்குலம். மாடலில் முக்கால் சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம். இறக்கை வேறு, வால் வேறு, நீளம் வேறு. காற்றுப் புழையின் இரு பக்கமும் இருக்க வேண்டிய 30 மில்லிமீட்டர் பீரங்கித் துளைகளே இல்லை. பெயர் ஒன்று, உடம்பு வேறு.

“எனக்குத் தெரியாதா?” என்றார் மாமா. “அந்த ஆபீசர் குடுத்த அன்னைக்கே தெரியும். ரெண்டு சீட்டு. அதனாலதான் கெட்டாம வச்சிருந்தேன்.”

“பின்ன இப்ப எதுக்கு மாமா?”

அவர் உடனே பதில் சொல்லவில்லை. மூக்குப் பாகத்தை எடுத்து விரலால் தடவிக்கொண்டிருந்தார். “மூக்கு அதேதாம்லே,” என்றார் கடைசியில். “அங்க போயிட்டா இந்த மூக்கத் தொட்டுக் காட்ட எனக்கு என்ன இருக்கு?”

ஆனியின் சாரல் விடாமல் பெய்துகொண்டிருந்தது. பெட்டியோடு வந்த பசை டியூப் கல்லாகியிருந்தது. இந்தப் பசையைப் பற்றிச் சொல்ல வேண்டும். மற்ற பசைகள் இரண்டு பொருளுக்கு நடுவில் நின்று பிடித்துக்கொள்ளும். பாலிஸ்டைரீன் பசை அப்படியல்ல. இரு பக்க விளிம்பையும் உருக்கி, ஒன்றோடு ஒன்று கலக்க வைத்து, தான் ஆவியாகிப் போய்விடும். மாமாவின் யோசனைப்படி கோட்டாறு பெயிண்ட் கடையில் என்.சி. தின்னர் வாங்கி, சட்டத்தின் வேண்டாத துண்டுகளை அதில் கரைத்து நாங்களே செய்துகொண்டோம். வழியில், 1893-ல் மூலம் திருநாள் மகாராஜா திறந்துவைத்த மணிமேடையைத் தாண்டும்போது நேரம் பார்த்தேன். வேறெந்தக் கட்டடமும் என்னை அவ்வளவு அவசரப்படுத்தியதில்லை. பைக் ரிம்முக்கு அடிக்கும் சில்வர் ஸ்ப்ரே ஒரு டப்பா. சாமணம் வடசேரியில் கோயில் நகை செய்யும் ஆசாரி வீட்டில் இரவல். கெம்புக்கல் பதிக்கிற சாமணம், அரிசியில் பாதி அளவுள்ள பாகத்தையும் சிந்தாமல் எடுத்தது.

திரும்பி வந்தால் மாமா எல்லாப் பாகங்களையும் சோப்புத் தண்ணீரில் போட்டு வைத்திருந்தார். அச்சிலிருந்து எடுக்க எண்ணெய் பூசியிருப்பார்கள், அது போகாவிட்டால் பெயிண்ட் பிடிக்காது. கழுவி, துணியில் பரப்பி, காய வைக்க முக்கால் மணி நேரம். எனக்குக் கடுப்பு. “இருக்கிறதே கொஞ்ச நேரம் மாமா” என்றேன். அவர் காதில் வாங்கவில்லை.

உடம்பின் இரண்டு பாதிகளையும் ஒட்டி ரப்பர்பேண்ட் போட்டு, அது உலரட்டும் என்றுதான் படத்தை ஓடவிட்டது. கடைசியில் எஞ்சினைக் கிளப்பும் காட்சி. கிளப்ப இருப்பது ஏழு வெடித்தோட்டாக்கள் மட்டும். ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருக்கிறது, எஞ்சின் இருமிவிட்டு அடங்குகிறது. அப்போது டவுன்ஸ் இக்னிஷனை அணைத்துவிட்டு ஒரு தோட்டாவை வெறுமனே வெடிக்கப்போகிறார், சிலிண்டர்களைச் சுத்தம் செய்ய. டோர்ஃப்மன் கத்துகிறார். மிச்சமிருப்பதே மூன்று, அதில் ஒன்றைத் தெரிந்தே வீணாக்குவதா? டவுன்ஸ் வெடிக்கிறார். அடுத்ததில் எஞ்சின் பிடித்துக்கொள்கிறது.

முதல் இரண்டு முறையும் இதை நான் விமானியின் வெற்றி என்றே எடுத்துக்கொண்டேன். அனுபவம் கணக்கை ஜெயிக்கிறது என்று. அன்றைக்கு அப்படித் தோன்றவில்லை. டோர்ஃப்மனின் கணக்கு இல்லாவிட்டால் கிளப்ப எஞ்சினே இருந்திருக்காது. டவுன்ஸ் அதை மறுக்கவில்லை. கெடு நெருக்கும்போது எதைக் குறைக்கக்கூடாது என்று மட்டும் சொல்கிறார். படத்தில் கடிகாரம் யாரையும் துரத்தவில்லை. நல்ல எடிட்டர் மாதிரி, ஒவ்வொருவரிடமும் ‘இதை எடுத்துவிடலாமா, வேண்டுமா?’ என்று கேட்கிறது. யார் எதை விடுகிறார்கள், எதைப் பிடித்துக்கொள்கிறார்கள் என்பதிலிருந்துதான் அந்த மனிதர்கள் நமக்குத் தெரிகிறார்கள். 2004-ல் வந்த மறு ஆக்கம் கோபி பாலைவனத்துக்குப் போய், பாட்டும் வேகமுமாக இதைத் தவறவிட்டது. அதைப் பற்றி அதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை.

“சரியாத்தான் செய்யான்” என்றார் மாமா, தோட்டா வீணானபோது. சோப்புத் தண்ணீரை நினைத்துக்கொண்டு நான் பேசாமல் இருந்தேன்.

நாங்கள் விட்டவை: ஆணித்தலைகளைத் தேய்ப்பது, உள்ளறைக்கு வண்ணம், இணைப்புக் கோட்டை நிரப்புவது. ரிவெட் எண்ணுகிறவனுக்கு ஒவ்வொன்றும் பல் பிடுங்குகிற வேலை. மாமா விடாமல் பிடித்தவை இரண்டு. ஒன்று, சக்கரக் கதவுகளின் கோணம். நாட்டில் தனி வேகத்தடை கிடையாது. சக்கரங்களைப் பாதி இறக்கினால் அந்தக் கதவுகளே காற்றைத் தடுக்கும். அது கோணலாக இருந்தால் அவருக்கு ஆகாது. விரலால் அளந்து, மூன்று முறை பிடுங்கி ஒட்ட வைத்தார். இன்னொன்று, மூக்கில் கனம். மூன்று சக்கர விமான மாடலில் முன்னால் கனம் வைக்காவிட்டால் வால் தரையில் குத்தி உட்கார்ந்துவிடும். மணக்குடிக் காயலில் தூண்டில் போடும் பக்கத்து வீட்டுப் பையனிடம் ஈயக்குண்டுகள் வாங்கி, சுத்தியலால் நசுக்கி, மூக்குக்குள் திணித்தோம். வெளியே தெரியவே தெரியாத வேலை. அதற்கு அரை மணி நேரம் போனது.

இரவு இரண்டு மணிக்குக் கரண்டு போய்விட்டது. செல்போன் வெளிச்சத்தில் மேல் கண்ணாடியை ஒட்டி முடித்தேன். கரண்டு வந்ததும் பார்த்தால், தட்டில் இரண்டு விமானிகள் மல்லாந்து கிடக்கிறார்கள். உள்ளே வைக்க மறந்துவிட்டோம். கண்ணாடியைப் பிரித்தால் உடையும். எனக்கு அழுகை வந்தது. மாமா அந்த இரண்டு பேரையும் உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தார், ஆளுக்கு இரண்டரை சென்டிமீட்டர்கூட இல்லை. பிறகு சிரிக்கத் தொடங்கினார். “விடுலே. ஜெர்மன்காரன் சொன்னாம்லா? ஆளில்லாமத்தான் கஷ்டம்.”

விடியும்போது சாரல் கொஞ்சம் விட்டது. மொட்டைமாடித் தகரத்துக்கு அடியில் நின்று, ஓர் அடி தள்ளிப் பிடித்து, பனி மாதிரி லேசாக சில்வர் அடித்தேன். ஒன்பது மணிக்கு இரண்டாம் பூச்சு. பத்து மணிக்கு, பெட்டியில் இருந்த பிரிட்டிஷ் அடையாள ஒட்டுப்படங்களைத் தண்ணீரில் நனைத்ததும் அவை அப்பள நொறுங்கலாகிப் போயின. நாற்பது வருடத்துக்கு மேல் ஆன காகிதம்.

வெள்ளிநிற விமானம், எந்த அடையாளமும் இல்லாமல். எனக்கு உடனே ஆசை வந்தது. 1965-ல் நம் நாட்டுகள் வெள்ளிநிறத்தில்தான் பறந்தன. காம்பஸ் வைத்து வட்டம் வெட்டி, நடுவில் பச்சை, பிறகு வெள்ளை, வெளியே காவி. ஒரு மணி நேரம் போதும். மஸ்கட்டில் யார் இறக்கையை அளக்கப் போகிறார்கள்? இரண்டாவது இருக்கையை யார் எண்ணப் போகிறார்கள்? மிளகாய்க்காக நாவலைக் கிழித்தவன்தான் இதைச் சொன்னேன் என்பதையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

“வேண்டாம்,” என்றார் மாமா.

“உங்களுக்காகத்தானே மாமா...”

“மருமவனே, ஒவ்வொரு ஃபிளைட்டுக்கும் முன்னால ஃபாரம் 700-ல கையெழுத்துப் போடணும், கேட்டியா? நான் பாத்தேன், நான் செய்தேன்னு. பைலட்டு அந்தக் கையெழுத்த நம்பித்தான் ஏறுவான். நான் வேல செய்யாத மெஷினுக்கு ஒருநாளும் போட்டதில்ல. இது நான் தொட்ட மெஷின் இல்ல. இதோட மூக்குதான் எனக்குத் தெரியும். வெறுமன இருக்கட்டும்.”

வாயை மூடிக்கொண்டேன். ஃபீனிக்ஸ் படத்துக்கும் இப்படி ஒரு கையெழுத்து இருக்கிறது. படத்துக்காக உண்மையிலேயே ஒரு விமானம் கட்டப்பட்டது. 1965 ஜூலை 8-ம் தேதி படப்பிடிப்பில் அது தரையைத் தொட்டு எழும்போது முறிந்தது. ஓட்டிய பால் மான்ட்ஸ் இறந்துபோனார். ஹாலிவுட்டின் தலைசிறந்த சாகச விமானிகளில் ஒருவர். படத்தை அவருக்குத்தான் சமர்ப்பித்திருக்கிறார்கள். இது தெரிந்த பிறகு கடைசிக் காட்சியை வெறும் சந்தோஷமாகப் பார்க்க முடிவதில்லை. படத்தில் டோர்ஃப்மனின் கணக்கு பலித்தது. வெளியே, ஏற ஆள் வேண்டியிருந்தது.

பன்னிரண்டரைக்குச் சக்கரங்கள் உலர்ந்தன. ஜன்னல் படியில் வைத்தேன். ஒரு கணம் பின்னால் சாய்ந்தது மாதிரி இருந்தது, பிறகு முன்சக்கரம் மெல்ல இறங்கித் தொட்டது. மாமா குனிந்து, தலையைச் சாய்த்து, கடைக்கண்ணால் பார்த்தார். பிறகு மூக்கைத் தடவினார். பெயிண்ட் முழுக்கக் காய்ந்திருக்கவில்லை, விரலில் வெள்ளி ஒட்டிக்கொண்டது. அத்தை வேட்டி பத்திரம் வேட்டி பத்திரம் என்றாள்.

கார் ஒன்றேகாலுக்குத்தான் வந்தது. பிஸ்கட் டின்னில் பஞ்சு வைத்து விமானத்தைக் கைப்பையில் கொடுத்தேன். விமானிகள் இரண்டு பேரும் தீப்பெட்டியில் என்னிடம்தான் இருக்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது. பயணம் எப்படி, சாப்பாடு எப்படி என்று நான் கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் நடுவில் வெட்டினார்.

“மூக்கு குத்தி நிக்குலே” என்றார். “வாலுல சாயல்ல.”